அறுபது மார்க்

நெஞ்சில் சுருக்கென்றால் எங்கள் ஊரில் அது வாயுதான். பெருங்காயம், ஓமத்தண்ணீர், சுக்கு எல்லாம் கைவிட்ட பிறகே தஞ்சாவூர் ஞாபகம் வரும். திருவையாற்றிலிருந்து 13 கிலோமீட்டர். நடுவில் காவிரி, குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு, வடவாறு. ஒவ்வொரு பாலத்திலும் என் மனைவி "இப்ப எப்படிங்க இருக்கு?" என்று கேட்டாள். வடவாறு வருவதற்குள் நிஜமாகவே படபடத்தது.

முதலில் ஈ.சி.ஜி. உடம்பில் பத்து இடத்தில் ஒட்டி, இதயத்தைப் பன்னிரண்டு கோணத்தில் பார்க்கிறார்கள். பத்துப் பேரைக் கேட்டுப் பன்னிரண்டு அபிப்பிராயம் சொல்வது எங்கள் தெருத் திண்ணைக்கும் பழக்கம்தான். ஈ.சி.ஜி.யைக் கண்டுபிடித்து 1924இல் நோபல் வாங்கிய ஐந்தோவன் காலத்தில், கைகளையும் ஒரு காலையும் உப்புத்தண்ணீரில் முக்கிக்கொண்டு உட்கார வேண்டுமாம். தப்பித்தேன்.

அடுத்தது டிரெட்மில். விளம்ப காலத்தில் ஆரம்பித்து மூன்று நிமிஷத்துக்கு ஒருமுறை வேகமும் ஏற்றமும் கூடும். ஆற்றங்கரையைத் தவிர வேறு மேடே பார்க்காத டெல்டாக்காரனை மலையேறச் சொன்னால்? 220இல் வயதைக் கழிக்க வேண்டும். எனக்கு 58, மிச்சம் 162. அதில் 85 சதவீதம், சுமார் 138 துடிப்பைத் தொட்டால் விடுவார்கள். துரித காலம் வந்ததும் தொட்டுவிட்டேன்.

எக்கோவில்தான் வம்பு. ரிப்போர்ட்டில் 'இ.எஃப். 60 சதவீதம்' என்றிருந்தது. என் மனைவி ரிட்டயர்டு கணக்கு டீச்சர்.

"அறுபதுதானா டாக்டர்?"

"55க்கு மேல இருந்தாலே நார்மல்மா. ஒவ்வொரு துடிப்புக்கும் இடது கீழறை, தன்கிட்ட இருக்கிற ரத்தத்துல எவ்வளவு வெளிய தள்ளுதுங்கிற கணக்கு இது. நூறு யாருக்கும் வராது. ஆனா ரத்தக்குழாய்ல அடைப்பு இருக்கா இல்லையான்னு இதை மட்டும் வெச்சுச் சொல்ல முடியாது. நெய், இனிப்பைக் குறைக்கச் சொல்லுங்க."

அசோகா அல்வா பிறந்த ஊரில் இருப்பவனிடம்!

வீட்டுக்கு வந்ததும் சித்தப்பா ரிப்போர்ட்டைக் கண்ணாடி போட்டுப் பார்த்தார். "அறுபதுன்னா எங்க காலத்துல ஃபர்ஸ்ட் கிளாஸ்டா" என்றார். அத்தோடு விட்டிருக்கலாம். அடுத்த வாரமே தானும் போய் எக்கோ எடுத்துக்கொண்டு வந்தார்: 65. அடைப்பைப் பற்றி டாக்டர் சொன்னதை நான் எடுத்துச் சொன்னால், அது குறைந்த மார்க் வாங்கியவன் பேச்சாகிவிடுகிறது. இப்போதெல்லாம் கல்யாணப் பந்தியில் என் பக்கத்து இலையாகப் பார்த்து உட்கார்ந்து, அசோகாவை இரண்டாவது தடவை கேட்டு வாங்கிக்கொள்கிறார்.