ரகசிய இடம், நுழைவுக் கட்டணம் உண்டு

சென்னையில் எதுவும் நேராக நடந்தால் இப்போது மதிப்பில்லை. கச்சேரி சபாவில் நடக்கக் கூடாது. பெசன்ட் நகரில் யாரோ ஒருவர் வீட்டு மொட்டைமாடியில் நடக்க வேண்டும். எந்த வீடு என்று டிக்கெட் வாங்கும்போது சொல்ல மாட்டார்கள். அன்று சாயங்காலம்தான் செல்போனுக்கு விலாசம் வரும். சாப்பாடு ஓட்டலில் கூடாது. மயிலாப்பூர்ப் பழைய வீட்டு ரேழியில் பாய் விரித்து, இருபது பேருக்கு மட்டும் இலை போட்டு, ஆளுக்கு ஆயிரக்கணக்கில் வாங்க வேண்டும். நம் ஊர்க் கல்யாணத்தில் மூன்றாவது பந்திக்கு இடம் பிடிக்க, சாப்பிடுகிறவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றோமே, அதற்கு யாரும் காசு கேட்கவில்லை. அது வெறும் பசியாம். இதுதான் அனுபவமாம்.

ஊருக்குள் ஒளிந்திருந்த இடமெல்லாம் தீர்ந்ததும் வேட்டை ஈ.சி.ஆர். வழியாகக் கிளம்பியது. மாமல்லபுரம் பழசு. புதுச்சேரி புளித்துவிட்டது. தரங்கம்பாடி டேனிஷ் கோட்டையில் ஏற்கெனவே கூட்டம். அப்படியே இறங்கி வந்து, திருத்துறைப்பூண்டியைத் தாண்டி, முத்துப்பேட்டையைக் கண்டுபிடித்துவிட்டார்கள். யாருக்கும் தெரியாத இடமாம். கோரையாற்றில் வலை வீசுகிறவருக்குத் தெரியும். ஜாம்பவானோடை தர்கா கந்தூரிக்கு வருஷா வருஷம் மதம் பார்க்காமல் வந்து இறங்கும் ஜனத்துக்குத் தெரியும். குளிர்காலத்தில் கண்டம் தாண்டி வருகிற பறவைக்குக்கூட வழி தெரியும். இவர்கள் யாரும் கணக்கில் சேர்த்தி இல்லை போலிருக்கிறது.

அப்படி என்ன இருக்கிறது என்று கேட்கிறீர்களா? தமிழ்நாட்டின் மிகப் பெரிய அலையாத்திக் காடு இருக்கிறது. சதுப்பும் காயலும் சேர்த்து ஏறத்தாழ 12,000 ஹெக்டேர். பாமினியாறு, கோரையாறு, கிளைதாங்கியாறு என்று காவிரியின் கடைசிப் பிள்ளைகள் கடலில் விழுமுன் கூடிப் பிரியும் இடம். 2002-ல் கோடியக்கரையோடு சேர்த்து ராம்சர் பட்டியலிலும் ஏறிவிட்டது. பிச்சாவரம் சுமார் 1,100 ஹெக்டேர்தான், இதில் பத்தில் ஒரு பங்கு. ஆனால் அங்கே 'இதயக்கனி' படம் எடுத்தார்கள். 1975-ல் வந்தது. அன்று பிடித்த மவுசு இன்றும் குறையவில்லை. தமிழ்நாட்டில் ஒரு காட்டை மதிக்க வேண்டுமென்றால் அதில் ஒரு எம்.ஜி.ஆர். முளைத்திருக்க வேண்டும். முத்துப்பேட்டையில் முளைத்தது வெறும் மரம்.

வருகிறவர்கள் மேல் கோபமில்லை. வருகிறவனை வா என்று சொல்லிச் சத்திரம் கட்டிச் சோறு போட்ட சீமை இது. கோபமெல்லாம் விற்கிற சரக்கின் மேல். சரக்கின் பெயர் புறக்கணிப்பு. அரசாங்கம் தலைமுறை தலைமுறையாக அதை உற்பத்தி செய்தது. இவர்கள் அட்டைப்பெட்டி போட்டு, 'மனிதக் கை படாதது' என்று சீட்டு ஒட்டி விற்கிறார்கள்.

கை படாத காடு! இந்தக் காட்டில் பட்ட கைகள் கொஞ்சமா? வெள்ளைக்காரன் காலத்தில் கூறு கூறாகப் பிரித்து, முறைவைத்து மொட்டையடித்தார்கள். சுதந்திரம் வந்தது. வனத்துறை அதே கணக்கில் 1970-கள் வரை வெட்டியது. வெட்டிய இடத்தில் சேறு காய்ந்து அமுங்கிப் பள்ளமானது. ஓதத்தில் ஏறிய கடல்நீர் திரும்பிப் போக வழியில்லாமல் அங்கேயே தேங்கியது. வெயிலில் வற்றி உப்புப் பூத்தது. உப்பில் விதை முளைக்குமா? முளைக்கவில்லை. பழியை யார் மேல் போடுவது? ஆடு மாடு மேல் போட்டார்கள். விறகு பொறுக்கிய கிழவி மேல் போட்டார்கள். வெட்டிய கோடாலி மட்டும் கோப்பில் எங்கும் அகப்படவில்லை.

1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் வந்து, வெட்டிய முறைதான் வினை என்று எடுத்துச் சொன்னார்கள். பிறகு மீன்முள் வடிவில் வாய்க்கால் தோண்டி, ஓதநீர் உள்ளே வந்து வெளியே போக வழி செய்தார்கள். நட்டது பிழைத்தது. தோண்டியது யார்? பழி சுமந்த அதே ஊர்க்காரன்தான். மண்வெட்டியோடு முழங்கால் சேற்றில் இறங்கினான். அவனுக்கு அது புது வித்தையும் இல்லை. மீன் பிடிக்க அவன் பாட்டன் காலத்திலிருந்தே அந்தக் காட்டில் வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்தவன். வெட்டிச் சாய்த்த துறை இன்று படகுக்கு அனுமதிச் சீட்டு எழுதுகிறது. சேற்றில் நின்று நட்டவன் ஓரமாக நிற்கிறான், சுற்றுலாக்காரர் படத்தில் விழாமல்.

அடுத்த சரக்கு, நிதானப் பயணம். அவசர உலகத்திலிருந்து விடுதலை, ஜன்னலோரம் வயல், மெதுவாகப் போகும் ரயில். மெதுவாக என்றால் எவ்வளவு மெதுவாக என்று இந்தப் பக்கத்து ஜனங்களைக் கேளுங்கள். முத்துப்பேட்டை வழியாக ஓடிய மீட்டர் கேஜ் பாதையைப் பெயர்க்கிறோம் என்று 2012-ல் ரயிலை நிறுத்தினார்கள். அகலப் பாதையில் ரயில் வந்தது 2019-ல். நிறுத்திய வருஷம் பிறந்த பிள்ளை ரயிலையே பார்க்காமல் பள்ளிக்கூடம் போய்விட்டது. சரி, வந்ததே என்று சந்தோஷப்பட்டால், வந்த அழகைப் பார்க்க வேண்டும். கோடி கோடியாகக் கொட்டிப் பாதை போட்டவர்கள் கேட் கீப்பர் வைக்கவில்லை. திருவாரூர் – காரைக்குடி சுமார் 150 கிலோமீட்டர். வழியெல்லாம் கேட்.

என்ன செய்தார்கள் தெரியுமா? கேட் கீப்பரை ரயிலிலேயே ஏற்றி அனுப்பினார்கள். கேட் வரும். ரயில் நிற்கும். முன்பெட்டியில் இருப்பவர் குதித்து ஓடிப்போய்க் கேட்டைச் சாத்துவார். ரயில் நகர்ந்து தாண்டும். மறுபடி நிற்கும். பின்பெட்டியில் இருப்பவர் இறங்கிக் கேட்டைத் திறந்துவிட்டு ஓடிவந்து தொற்றிக்கொள்வார். அப்புறம் அடுத்த கேட். ஆறு மணி நேரத்துக்கு மேல் பிடித்தது. சராசரி மணிக்கு 25 கிலோமீட்டர்கூட இல்லை. ரயிலோடு பந்தயம் கட்டியிருந்தால் பட்டுக்கோட்டைப் பால்காரர் சைக்கிளில் ஜெயித்திருப்பார். டெல்லியிலிருந்து வாரணாசிக்கு முதல் வந்தே பாரத்துக்குக் கொடியசைத்ததும் இதே 2019-ல்தான். ஒரே நாடு, ஒரே ரயில்வே. ஒரு பக்கம் வேகம், இன்னொரு பக்கம் ஓட்டப் பயிற்சி. சென்னைக்கு நேராக ஓடிய கம்பன் எக்ஸ்பிரஸை நினைத்து இங்கே பெரியவர்கள் இன்னும் பெருமூச்சு விடுகிறார்கள். 2023-ல் தாம்பரம் – செங்கோட்டை எக்ஸ்பிரஸை இந்த வழியில் விட்டார்கள். தினமுமா? அவ்வளவு பேராசை கூடாது.

முத்துப்பேட்டைக்கு வந்தவர்கள் அப்படியே மனோராவையும் பார்த்துவிட்டுப் போவார்கள். மல்லிப்பட்டினத்துப் பக்கம், கடற்கரை மேல் எட்டு அடுக்குக் கோபுரம். கல்யாணத்துக்கு முன்னால் படம் பிடிக்க வாகான இடம். கட்டியவர் தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி. சும்மா கட்டவில்லை. ஐரோப்பாவில் நெப்போலியன் வீழ்ந்தான், வெள்ளைக்காரன் ஜெயித்தான் என்ற சந்தோஷத்தில் 1814-15 வாக்கில் கட்டினார். கம்பெனிக்காரன் 1799-லேயே அவர் நாட்டை எழுதி வாங்கிவிட்டான். மிச்சம் இருந்தது கோட்டையும் மானியமும். தன் நாட்டை விழுங்கியவன் வேறெங்கோ இன்னொருவனை அடித்ததற்கு இவர் எட்டு அடுக்கில் கைதட்டினார். சரஸ்வதி மகாலுக்காக அவரை விழுந்து கும்பிடலாம், அது வேறு கணக்கு. இந்தக் கோபுரத்துக்கு முடியாது.

கடலோரம் சின்னம் வைக்கும் வியாதி அங்கிருந்துதான் சென்னைக்குத் தொற்றியதோ என்னவோ. ஒரு கட்சி மெரினாவில் ஜெயலலிதாவுக்கு ஃபீனிக்ஸ் பறவையாகச் சிறகு விரித்து 2021-ல் திறந்தது. இன்னொரு கட்சி நான் மட்டும் சளைத்தவனா என்று, கருணாநிதிக்குக் கடலுக்குள்ளேயே 42 மீட்டர் உயரத்தில் பேனா நட 81 கோடி ரூபாய்க்குத் திட்டம் தீட்டியது. கருணாநிதி பிறந்த திருக்குவளை இந்த டெல்டாவில்தான் இருக்கிறது. இங்கே எந்த விவசாயியும் பேனா கேட்டு மனுக் கொடுத்ததில்லை. மதகுக்கு ஷட்டர் கேட்டுத்தான் கொடுத்தான்.

பிறகு கஜா புயல். 2018 நவம்பர் 16, விடியுமுன் கரை ஏறியது. அலையைத் தடுக்கப் பிறந்த மரம் காற்றுக்கு என்ன செய்யும்? காடு இலையெல்லாம் உதிர்ந்து சாம்பல் நிறத்தில் நின்றது. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் லட்சக்கணக்கில் தென்னை விழுந்தது. பிள்ளையைப்போல் வளர்த்தவன் விழுந்த மரத்தின் மேலேயே உட்கார்ந்திருந்தான். 20-ம் தேதி அன்றைய முதலமைச்சர் பழனிசாமி ஹெலிகாப்டரில் வந்தார். புதுக்கோட்டை பார்த்தார், தஞ்சாவூர் பார்த்தார். வானிலை சரியில்லை என்று திருவாரூர், நாகப்பட்டினம் வராமலே திரும்பிவிட்டார். புயலில் வீடு இழந்தவனைப் பார்க்க வந்தவருக்கு மேகம் தடையாகிவிட்டது. வாரம் கழித்து ரயிலில் வந்தார், மறைப்பானேன். கூரை பறந்த வீட்டுக்காரனுக்கு அந்த ஒரு வாரமும் மேகம்தான் கூரை. இலையிழந்து நின்ற அதே மரங்களைப் பிற்பாடு கறுப்பு வெள்ளையில் படமெடுத்து, 'மௌனத்தின் அழகு' என்று போட்டார்கள். பார்த்தவர்கள் இதயம் இதயமாக விட்டெறிந்தார்கள்.

அரசாங்கத்துக்கு முத்துப்பேட்டையைத் தெரியாது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். விநாயகர் ஊர்வலத்தன்று வந்து பாருங்கள். கலவரம் வந்துவிடுமோ என்று அக்கம்பக்கத்து மாவட்டப் போலீசெல்லாம் லாரி லாரியாக வந்து இறங்கும். தெருவுக்குத் தெரு தடுப்புக் கட்டை, கேமரா. எந்தச் சந்து எங்கே முடிகிறது, எந்த வீட்டுக்குப் பின்வாசல் உண்டு, எல்லாம் அத்துப்படி. பாமினியாற்றில் சிலை கரைந்ததும் லாரி ஏறிப் போய்விடுவார்கள். கந்தூரிக் கொடியேற்றத்துக்கு எல்லோரும் கூடி நிற்கிற ஊருக்கு, அரசு ஆண்டுதோறும் அனுப்பிவைக்கும் கலைக்குழு இது. கையில் லத்தி.

தண்ணீர் விஷயத்துக்கு வருவோம். அலையாத்திக்கு உப்பு நீரும் வேண்டும், நல்ல தண்ணீரும் வேண்டும். இரண்டும் கலந்தால்தான் மரம் ஓங்கும், இறால் குஞ்சு தங்கும். இங்கே ஆற்றில் நல்ல தண்ணீர் தாராளமாக வருவது ஐப்பசி, கார்த்திகை மழையில்தான். மற்ற மாதங்களில் காயல் உப்பேறிக் கிடக்கும். மேட்டூரில் தண்ணீர் இருந்தால் ஜூன் 12-ந்தேதி மதகைத் திறந்து, அமைச்சர்கள் வரிசையாக நின்று பூவும் நெல்லும் தூவுவார்கள். டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். அந்தப் பூ கடைமடை வரை வந்து சேர்ந்ததாக இதுவரை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. கட்சி மாறினால் தூவுகிற கை மாறும். கடைமடை மாறாது.

போன கோடையில் ஒரு படகில் கூட ஏறிக்கொண்டேன். சென்னையிலிருந்து ஆறு பேர். எல்லோர் தலையிலும் ஒரே மாதிரித் தொப்பி. கோரையாற்றின் இரு கரையிலும் அலையாத்தி. சேற்றுக்குள்ளிருந்து பென்சில் கனத்தில் வேர்கள் ஆயிரமாயிரமாக நிமிர்ந்து நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன. ஒரு வேரின் தலையில் சிப்ஸ் உறை குல்லாயாகக் கவிழ்ந்திருந்தது. காயலை நெருங்கியதும் தண்ணீர் வற்றிப்போய், படகின் அடி சேற்றில் உரசியது. படகுக்காரர் மோட்டாரை நிறுத்திவிட்டுக் கழியை ஊன்றினார். அப்பால் உப்புப் பூத்த வெளி வெள்ளை வெளேரென்று கிடந்தது.

"வாவ், அப்படியே நிலாவுல இறங்கின மாதிரி இருக்கு!" என்றது ஒரு பெண்.

"முன்ன இங்க கழுத்தளவு தண்ணி நிக்கும் பாப்பா," என்றார் படகுக்காரர்.

கேட்டுக்கொள்ளத்தான் ஆளில்லை. எல்லோரும் செல்போனைத் தூக்கிப் பிடித்துச் சிக்னல் தேடிக்கொண்டிருந்தார்கள். எடுத்த படத்தை உடனே ஊருக்குக் காட்ட வேண்டுமே. ஒரு பையன் எரிச்சலோடு கேட்டான். "என்னண்ணே, இந்தக் காலத்துல ஒரு டவர்கூட வைக்கலையா இங்க?"

கழியைச் சேற்றிலிருந்து உருவிக்கொண்டே அவர் சொன்னார்: "டவர், ரோடு, தண்ணின்னு எல்லாம் வந்துட்டா நீங்க வேற ஊருக்குல்ல போயிருவீங்க, தம்பி."

பையன் சிரித்தான். அதையும் படம் பிடித்துக்கொண்டான்.