அம்மாவுக்கு வாசிக்கும்போது விட்டுவிட வேண்டிய பத்திகள்

அன்புள்ள அண்ணனுக்கு,

அமெரிக்காவுல எடிசன்ல இருந்து தங்கச்சி எழுதிக்கிறது. வாட்ஸ்அப்ல நாலு வரி தட்டினா ஆகாதான்னு கேப்ப. ஆகாது. குடும்பக் குரூப்புல ஒண்ணு எழுதினா பெரியம்மா வீட்டுல ஆரம்பிச்சு சிங்கப்பூர் சித்தப்பா வரைக்கும் பதில் சொல்லி மாளாது. அதான் உனக்குத் தனியா எழுதறேன். அம்மாவுக்கு நீதான் படிச்சுக் காட்டுவேன்னு தெரியும். எதை விடணும்கறதை அங்கங்க நானே குறிச்சிருக்கேன், கவனமாப் படி.

உன் மாப்பிள்ளை குரூப்புல ஒரு போட்டோ போட்டாரே, அதுலதான் வினையே. பச்சை மலை, சிவப்புக் கொட்டகை, கறுப்பு வெள்ளை மாடு, நடுவுல நம்ம பிள்ளைங்க ரெண்டும் பல்லைக் காட்டிக்கிட்டு. ஓரத்துல அவர் கையில நுரை ததும்ப ஒரு கிளாஸ். அம்மாவுக்கு மலையும் தெரியலை, மாடும் தெரியலை, கிளாஸ் மட்டும் தெரிஞ்சிருக்கு. "பேரப் பிள்ளைகளைச் சாராயக்கடைக்குக் கூட்டிட்டுப் போயிட்டா"ன்னு அம்மா சரியாச் சாப்பிடக்கூட இல்லைன்னு அண்ணி சொன்னாங்க.

அது சாராயக்கடை இல்லை அண்ணே. பண்ணை. நீயும் பார்த்திருந்தா மாட்டுக்கிட்டதான் முதல்ல போயிருப்ப.

பெரியவனுக்கு பேஸ்பால் பைத்தியம். நியூயார்க் மாநிலத்துல கூப்பர்ஸ்டவுன்னு ஒரு சின்ன ஊர். அங்க 1939-ல திறந்த பேஸ்பால் மியூசியம் இருக்கு. கூட்டிட்டுப் போகலைன்னா சோறு திங்க மாட்டேன்னுட்டான். எடிசன்ல இருந்து காரை எடுத்தா நாலு மணி நேரம். பாதி தூரம் தாண்டினதும் கடையும் இல்லை, கட்டடமும் இல்லை, போன்ல சிக்னலும் இல்லை. மலைச் சரிவெல்லாம் மக்காச்சோளமும் புல்லும்தான். அறுத்த புல்லை உருளை உருளையாச் சுருட்டி வயல்ல போட்டு வச்சிருக்காங்க. ஆமிஷ்காரங்கன்னு ஒரு கூட்டம், காரே வேணாம்னு இன்னும் குதிரை வண்டியில போறாங்க. எங்க அத்தை (மாமியார்தான், ஆறு மாசத்துக்கு வந்திருக்காங்க) அந்த வண்டியைப் பார்த்ததும், "நாலு மணி நேரம் கார்ல வந்து கடைசியில நம்ம ஊருக்கே வந்துட்டோமா"ன்னாங்க.

கூப்பர்ஸ்டவுனை ஒட்டி ஆட்ஸிகோன்னு ஒரு ஏரி. சஸ்குவஹானா ஆறு அங்கதான் புறப்படுது. புறப்படுற இடத்துல சின்னப் பையன்கூடத் தாண்டிடலாம் போல ஒடுங்கின வாய்க்கால்தான். அதே தண்ணி எழுநூறு கிலோமீட்டருக்கு மேல ஓடி செசபீக் விரிகுடாவுல கலக்குது. அத்தை காலை நனைச்சிட்டு, தலையிலயும் ரெண்டு சொட்டுத் தெளிச்சுக்கிட்டாங்க. மியூசியத்தைப் பத்தி நான் எழுத ஒண்ணுமில்லை. மட்டை, தொப்பி, கையுறை. பையன் அழாத குறையாச் சந்தோஷப்பட்டான், அவ்வளவுதான்.

அதுக்கப்புறம்தான் அவர் மெல்ல ஆரம்பிச்சார். "பக்கத்துல ஒரு பண்ணை இருக்கு, பிள்ளைங்க ஓடி விளையாடலாம், சாப்பாடும் கிடைக்கும்." பண்ணைன்னதும் அத்தை சரின்னுட்டாங்க. ஊருக்குத் தெற்கே ஓமகாங்னு பெரிய பீர் ஆலையே இருக்கு. பழைய ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பு கொடுக்குற பூக்கொடி) பண்ணை நிலத்துல 1997-ல ஆரம்பிச்சது, இப்ப பெல்ஜியம் கம்பெனி கையில. நாங்க போனது அது இல்லை. மண் ரோட்டுல உள்ளே உள்ளே போய், ஒரு பெரியவரும் அவர் மகனும் நடத்துற சின்ன இடம்.

பழைய மாட்டுக் கொட்டகையைக் கழுவி மெழுகி, உள்ளே எவர்சில்வர் பீப்பாய்களை வரிசையா நிறுத்தியிருக்காங்க. வெளியே புல்தரையில மரப் பெஞ்சு. ஒரு பெஞ்சுல தொண்ணூறு வயசுப் பாட்டி பேத்தியோட சீட்டு விளையாடுறாங்க. அடுத்ததுல கைக்குழந்தைக்குப் புட்டிப்பால். பெஞ்சுக்கு ஒரு நாய் வீதம் படுத்துக் கிடக்கு. தடுமாறுறவனையும் காணோம், சத்தம் போடுறவனையும் காணோம். அந்த இடத்துலயே அதிகமாச் சத்தம் போட்டது நம்ம சின்னவதான்.

கவுன்டர்ல நிக்கிற பொண்ணு, இருபத்தொண்ணு ஆகிடுச்சான்னு எல்லார்கிட்டயும் அடையாள அட்டை கேக்குது. உன் மாப்பிள்ளையைக் கேட்டதுல அவருக்கு ஒரே பூரிப்பு. பக்கத்துல சும்மா நின்ன அத்தையையும் கேட்டுடுச்சு! "அம்பத்தஞ்சு புயல் அடிச்சப்ப நான் கைக்குழந்தைன்னு சொல்லு"ன்னாங்க. தஞ்சாவூர்ப் புயலை நான் இங்கிலீஷ்ல சொன்னதும் அந்தப் பொண்ணு பயபக்தியோட தலையாட்டிட்டு ஒரு கிளாஸ் ஆப்பிள் ஜூஸை இலவசமாக் கொடுத்துச்சு.

(இந்தப் பத்தியை அம்மாவுக்கு விட்டுடு.) ஒரு மரப்பலகையில நாலு குட்டி கிளாஸ் வச்சுத் தர்றாங்க. அதுக்குப் பேரு ஃப்ளைட். ஒவ்வொண்ணும் என்ன ருசின்னு சுவர்ல சாக்பீஸால எழுதியிருக்கு. ஒண்ணுக்கு என்ன எழுதியிருந்தாங்க தெரியுமா? வைக்கோல், எலுமிச்சைத் தோல், மிளகு, குதிரைப் போர்வை. குதிரைப் போர்வையை யார் நக்கிப் பார்த்து எழுதினாங்களோ தெரியலை. உன் மாப்பிள்ளை ஒரு மடக்குக் குடிச்சு, கண்ணை மூடி, "ஆமா, வருது"ன்னார். இவர் எந்தக் காலத்துல குதிரையைக் கிட்டத்துல பார்த்தார்? நானும் ஒரு வாய் குடிச்சேன். எனக்கு வைக்கோலும் வரலை, குதிரையும் வரலை. கசந்தது. அந்த வகைக்கு ஸேஸான்னு பேராம். பெல்ஜியத்துல வயல்வேலை ஆளுங்களுக்குக் கோடையில குடிக்கக் கொடுக்கறதுக்காகப் பண்ணைக்காரங்களே குளிர்காலத்துல காய்ச்சி வச்சதாம். (இங்கிருந்து படிக்கலாம்.)

உனக்காகத்தான் அந்தப் பெரியவர்கிட்ட பேச்சுக் கொடுத்தேன். எங்க அண்ணன் விவசாயின்னு சொன்னதுதான் தாமதம், தொப்பியைக் கழட்டிட்டுக் கை கொடுத்தார். மூணு தலைமுறையா பால் மாடு வச்சிருந்த குடும்பம். பாலுக்கு விலை வைக்கிறது எப்பவும் வாங்குறவன்தானாம். தீவனம் ஏறும், டீசல் ஏறும், பால் விலை மட்டும் இறங்கும். "உங்க அண்ணனுக்கு எப்படி"ன்னு கேட்டார். நெல்லும் அப்படித்தான்னேன். கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் பேசாம வயலைப் பார்த்தோம்.

மாட்டை முக்கால்வாசி வித்துட்டு, மகன் பீர் காய்ச்சக் கத்துக்கிட்டு வந்திருக்கான். நியூயார்க்ல 2012-ல ஒரு சட்டம் போட்டிருக்காங்க. பண்ணை லைசென்ஸ் வாங்கினா உன் இடத்துலயே காய்ச்சலாம், உன் இடத்துலயே ஊத்திக் கொடுக்கலாம். ஒரு நிபந்தனை மட்டும். ஹாப்ஸும் தானியமும் இந்த மாநிலத்து மண்ணுல விளைஞ்சதா இருக்கணும். முதல்ல நூத்துக்கு 20 பங்கு, பிறகு 60, அப்புறம் 90-ன்னு படிப்படியா ஏத்துற மாதிரி சட்டத்துலயே எழுதியிருக்காங்க. அதனால பக்கத்து வயல்காரங்க பார்லி போட ஆரம்பிச்சாங்க. பார்லியை ஊறவச்சு, முளைவிட வச்சு, சூடு காட்டி உலர்த்தித் தர்ற சின்ன ஆலைகளும் வந்துடுச்சு. குடிக்க வர்றவன் கொடுக்குற காசுல பக்கத்து வயலுக்கும் பங்கு.

காய்ச்சி வடிச்ச பிறகு மிஞ்சுற பார்லிச் சக்கை வீணாப் போறதில்லை. எங்க கண்ணு முன்னாடியே மகன் அதைத் தொட்டியில கொட்டினான், மீதி வச்சிருந்த மாடுங்க முண்டியடிச்சுக்கிட்டு வந்துச்சு. இனிப்பா, சூடா ஒரு வாசனை. அத்தை ஒரு பிடி அள்ளி மோந்து பார்த்தாங்க, ரெண்டு விரல்ல நசுக்கினாங்க. "சாரம் கொஞ்சம் மிச்சமிருக்கு, மாட்டுக்கு ஆகும்"னு தீர்ப்பும் சொல்லிட்டாங்க. எத்தனை லிட்டர் கறக்கும்னு பெரியவரைத் தமிழ்லயே கேட்டாங்க. அவரும் புரிஞ்ச மாதிரி விரலைக் காட்டிப் பதில் சொன்னார். அரை மணி நேரம் ரெண்டு பேரும் அப்படியே பேசிக்கிட்டிருந்தாங்க. மொழிபெயர்க்க வந்த என்னைக் கையசைச்சு விரட்டிட்டாங்க.

கொட்டகைக்குப் பின்னாடி ஹாப்ஸ் தோட்டம். பார்த்ததும் நம்ம வெத்தலைக் கொடிக்கால் ஞாபகம்தான் வந்தது. ஆனா இது அகத்தி மேல ஏறாது. பதினெட்டு அடிக் கம்பம் நட்டு, மேல கம்பி கட்டி, அதுல இருந்து கயிறு தொங்க விட்டிருக்காங்க. அதைச் சுத்திக்கிட்டு கொடி ஒரே கோடையில உச்சிக்குப் போயிடுது. பச்சையா, தாள் மடிச்ச மாதிரி அடுக்கடுக்கா கொத்துக் கொத்தாப் பூ. ஒண்ணைப் பிய்ச்சு நடுவுல கிழிச்சா மஞ்சத்தூள் விரல்ல ஒட்டுது. பீரோட கசப்பும் வாசனையும் அந்தத் தூள்லதான். பெண் செடியை மட்டும்தான் வளர்ப்பாங்களாம். (அடுத்த வரியை விட்டுடு: இது கஞ்சாச் செடிக்கு ஒண்ணுவிட்ட தங்கச்சி. ஒரே குடும்பம்தான், ஆனா போதை கிடையாது.)

ஒரு காலத்துல அமெரிக்காவுக்கே ஹாப்ஸ் கொடுத்தது இந்தச் சுத்துவட்டாரம்தானாம். பக்கத்து மாவட்டத்துல 1808-ல ஆரம்பிச்சது. 1880 வாக்குல நாட்டோட ஹாப்ஸ்ல பெரும்பங்கு நியூயார்க்லதான் விளைஞ்சது. அறுவடைக்கு டவுன்ல இருந்து ரயிலேறி ஆளுங்க வருவாங்களாம். அப்புறம் பூஞ்சாண நோய் அடிச்சது, மேற்கத்தி மாநிலங்கள் போட்டிக்கு வந்தது, 1920-ல மதுவிலக்கும் வந்துச்சு. அதோட எல்லாம் போச்சு. இப்ப வாஷிங்டன் மாநிலத்து யாக்கிமாவுலதான் பெரிய விளைச்சல். இங்க இருக்கறது பேரன்மார் திரும்ப நட்டது.

இப்பச் சொல்லப்போறதுக்குத்தான் இவ்வளவு நேரம் உன்னை உக்கார வச்சேன். அந்தத் தொங்குற கயித்தைத் தொட்டுப் பார்த்தேன். சொரசொரன்னு, செம்பழுப்பா, பிசிறு நீட்டிக்கிட்டு. தேங்காய் நார்க் கயிறு! பெரியவரைக் கேட்டா, இலங்கையில இருந்து வருது, பிளாஸ்டிக் மாதிரி இல்லாம கொடியோட சேர்ந்து மக்கிப் போயிடும், ஒவ்வொரு வருஷமும் புதுசாக் கட்டணும்னார். வருஷா வருஷம் புதுசு, அண்ணே! கஜா புயல்ல நம்ம தோப்பு விழுந்தப்ப மட்டையையும் நாரையும் என்ன விலைக்குத் தள்ளிவிட்டோம்னு உனக்குத் தெரியும். பேராவூரணியில இத்தனை கயிறு ஆலை இருக்கு, அங்க யாராவது இந்தப் பக்கம் விசாரிச்சிருக்காங்களா?

சாப்பாட்டையும் சொல்லிடறேன். செங்கல் அடுப்புல விறகு எரிச்சு ரொட்டி சுடுறாங்க, மேல அவங்க வட்டாரத்துச் சீஸ், தோட்டத்துத் தக்காளி. ப்ரெட்சல்னு முறுக்கிச் சுட்ட ரொட்டி ஒண்ணு, பெரியவன் முகத்தைவிடப் பெருசு. நல்லாத்தான் இருந்தது. உப்பும் காரமும்தான் வழக்கம்போல இல்லை. அத்தை பையில இருந்து எலுமிச்சங்காய் ஊறுகாயை எடுத்தாங்க. பெரியவரோட மகன் வந்து எட்டிப் பார்த்து, ஒரு துண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். முகம் செவந்தது, கண்ணுல தண்ணி வந்தது, ஆனா ரெண்டாவது துண்டும் கேட்டான். இதைப் போட்டு ஒரு பீர் காய்ச்சட்டுமான்னு கேக்கறான்!

ஒரு பைன்ட் எட்டு டாலர். உன் மாப்பிள்ளை அதை ரூபாயாக்கிப் பார்த்துட்டு இன்னொண்ணு வேணாம்னுட்டார். குடியைக் குறைக்க இதைவிட நல்ல வழி கிடையாது. திரும்பி வர்றப்ப நான்தான் ஓட்டினேன். ரத்தத்துல 0.08 சதவீதம் தொட்டா குற்றம், லைசென்ஸே போயிடும். அதனால குடிக்கப் போறதுக்கு முன்னாடி, ஓட்டப்போறது யாருன்னு முடிவு பண்ணிட்டுத்தான் வீட்டை விட்டே கிளம்புறாங்க. நம்ம கடைத்தெருவுல கடை முன்னாடி நிக்கிற வண்டியெல்லாம் ராத்திரி யார் ஓட்டிட்டுப் போறாங்கன்னு நினைச்சுப் பார்த்தேன்.

நான் குடிக்கு வக்காலத்து வாங்கலை. நம்ம தெருவுல அது எத்தனை தாலியை வாங்கிச்சுன்னு எனக்கும் தெரியும், அம்மா பயப்படுறதுல நியாயம் இருக்கு. ஆனா ஒண்ணு உறுத்துது. 2003-ல இருந்து ஊர்ல சரக்கு விக்கிறதே சர்க்கார்தான். அதே ஊர்ல நீ உன் சொந்த மரத்துல கள் இறக்கினா போலீஸ் வரும், 1987-ல இருந்து தடை. ஆலையில காய்ச்சினது கடையில வரலாம், மரத்துல ஊறினது கலயத்துல வரக்கூடாது. இங்க விவசாயி காய்ச்சுனா சர்க்கார் லைசென்ஸ் கொடுத்து, பக்கத்து வயல்ல வாங்குன்னும் சொல்லுது. எது சரின்னு பேசப் பெரியவங்க இருக்காங்க. கணக்கு மட்டும் எனக்கு இடிக்குது.

அம்மாகிட்ட மாட்டைப் பத்தி, ஆத்தைப் பத்தி, அத்தையும் கூட வந்ததைப் பத்திச் சொல்லு. அத்தை வந்தாங்கன்னா அம்மா பாதி சமாதானம் ஆயிடுவாங்க.

ஹாப்ஸ் அறுவடை ஆகஸ்ட் கடைசியில ஆரம்பிச்சு செப்டம்பர் பாதி வரைக்கும். அடுத்த வருஷம் அந்த நேரத்துக்கு நீயும் அண்ணியும் வரணும். உன் அண்ணனைக் கூட்டிட்டு வான்னு பெரியவரும் சொல்லிவிட்டார். குறுவையைச் சாக்குச் சொல்லாதே, பங்காளிகிட்ட ஒப்படைச்சிட்டு வா. பாஸ்போர்ட்டுக்கு இந்த வாரமே விண்ணப்பம் போடு, விசா நேர்காணலுக்குத் தேதி கிடைக்கவே மாசக்கணக்குல ஆகுது. மாதிரிக்கு நம்ம கயிறு ஒரு சுருள் கொண்டு வா, காட்டுவோம். விதை, கன்னு எதையும் பெட்டியில போட்டுடாதே, ஏர்போர்ட்லயே பிடுங்கிக்குவாங்க.

உன் அன்புத் தங்கச்சி