தலையைச் சுற்றி மூக்கைத் தொட்டவர்கள்

தலையை வெட்டினால் ஆள் செத்துப்போவான். அவமானப்படுவதற்கு ஆள் இருக்க மாட்டான். கையை வெட்டினால் மேல்துண்டுக்குள் மறைத்துக்கொள்வான். மூக்கை வெட்டினால்தான் ஆளும் மிஞ்சுவான், அவமானமும் அவனுக்கு ஒரு அங்குலம் முன்னால் நடந்துபோகும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த மகான்கள் எல்லா நாட்டிலும் இருந்திருக்கிறார்கள். நம் பக்கம் லட்சுமணன். சூர்ப்பணகை மூக்கைப் பிடித்துக்கொண்டு நேராக அண்ணன்மாரிடம் ஓடினாள், மீதி ஊருக்கே தெரியும். இலங்கையில் உருப்படியான மூக்கு வைத்தியர் ஒருவர் இருந்திருந்தால் கதை ஆரண்ய காண்டத்தோடு முடிந்து, வானரங்களுக்குப் பாலம் கட்டும் வேலை மிச்சமாகியிருக்கும்.

கான்ஸ்டான்டிநோபிளில் இதையே ஓர் அரசியல் சட்டம் போல வைத்திருந்தார்கள். அங்கஹீனன் அரியணை ஏறக் கூடாது. அதனால் வேண்டாத சக்கரவர்த்தியைக் கொன்று பாவத்தைச் சேர்த்துக்கொள்ளாமல் மூக்கை மட்டும் சீவி அனுப்பிவிடுவது. 695-இல் இரண்டாம் ஜஸ்டினியனை அப்படித்தான் அனுப்பினார்கள். அவரோ பத்து வருடம் கழித்து, தண்ணீர் வரும் கால்வாய் வழியாக ஊருக்குள் புகுந்து மறுபடி அரியணையில் உட்கார்ந்துவிட்டார். தங்கத்தில் மூக்கு செய்து மாட்டிக்கொண்டார் என்பார்கள். 711-இல் எதிரிகள் அவரை இரண்டாம் முறை பிடித்தபோது பழைய தவறைச் செய்யவில்லை. தலையையே எடுத்துவிட்டார்கள்.

நம் மதுரைச் சீமையில் இது தனிநபர் தண்டனையாக இல்லாமல் மொத்த வியாபாரமாகவே நடந்தது. 1656 வாக்கில் மைசூர்க் கண்டீரவ நரசராஜனின் படை சத்தியமங்கலம் வழியாக இறங்கி, கண்ணில் பட்டவர்களின் மூக்கையெல்லாம் மேலுதட்டோடு சேர்த்து அறுத்து, மூட்டை கட்டி ஊருக்கு அனுப்பியது. மேலுதடு எதற்கு என்றால், மீசையும் கூடவே போகும் அல்லவா! திருமலை நாயக்கர் படுத்த படுக்கை. சேதுபதி மறவர் படையோடு வந்து காப்பாற்றினார். பிறகு நாயக்கரின் தம்பி குமாரமுத்து மைசூர்ப் பக்கம் போய் அதே பாணியில் பதில் மரியாதை செய்தார். சரித்திரப் புத்தகத்தில் இதற்கு மூக்கறுப்புப் போர் என்றே பெயர். யார் ஜெயித்தார்கள் என்பதை மூட்டைகளை எண்ணித்தான் சொல்ல வேண்டும்.

அறுக்கிறவன் இவ்வளவு சுறுசுறுப்பாக இருந்தால் ஒட்டவைக்கிறவனும் இருந்தே ஆக வேண்டும். சுஸ்ருத சம்ஹிதையில் அதற்கான செய்முறை இருக்கிறது. போன மூக்கின் அளவுக்கு ஓர் இலையை வெட்டு. அந்த அளவுக்குக் கன்னத்துத் தோலைச் செதுக்கு. ஒரு பக்கம் மட்டும் ஒட்டியபடி இருக்கட்டும். மூக்கிருந்த இடத்தைக் கீறிவிட்டு அதில் பொருத்திக் கட்டு. மூச்சுக்கு இரண்டு குழாய் செருகு. அதிமதுரம், செஞ்சந்தனம், மரமஞ்சள் தூவி, பஞ்சு வைத்து, நல்லெண்ணெய் விட்டுக்கொண்டே இரு. மூக்கு சிறிதாகப் போனால் வளர்க்கவும் பெரிதாகப் போனால் குறைக்கவும் அதிலேயே வழி சொல்லியிருக்கிறது. வாடிக்கையாளர் குறை சொல்லாத தொழில் அன்றைக்கும் இருந்ததில்லை போலும்.

ஐரோப்பாவில் இந்த வேலையைச் செய்துகொண்டிருந்தவர்கள் இத்தாலியர்கள். போலோக்னாவின் காஸ்பரே தாலியகோஸி 1597-இல் இதற்காகவே ஒரு பெரும் புத்தகம் போட்டார். அவர் முறையில் தோல் முழங்கைக்கு மேலே இருந்து வரும். கையிலிருந்து முழுதாக அறுத்துவிட்டால் தோல் செத்துவிடும் என்பதால், கையையே தலையோடு கட்டிவைத்து மூக்கில் ஒட்ட வேண்டும். மூன்று வாரம் நோயாளி தன் புஜத்தை முகர்ந்துகொண்டே கிடப்பார். தோல் வேர் பிடித்த பிறகு கைக்கு விடுதலை. தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்று நாம் சும்மா பேச்சுக்குச் சொல்வதை அந்த மனிதர் கட்டுப்போட்டே செய்து காட்டினார். அந்த ஊர் உடற்கூறு அரங்கில் இன்றும் அவர் சிலையாக நிற்கிறார், கையில் ஒரு மூக்கை வைத்துக்கொண்டு. இங்கிலாந்துக்காரர்களுக்கு இதெல்லாம் நல்ல தமாஷ். சாமுவேல் பட்லர் என்ற கவிஞர் தம் கவிதை ஒன்றில் தாலியகோஸி சுமைதூக்கியின் பின்புறத்தில் இருந்து தோல் எடுப்பதாகவும், அந்தச் சுமைதூக்கி செத்ததும் மூக்கும் கூடவே விழுந்துவிடுவதாகவும் கிண்டலடித்தார். அதை நிஜமென்று நம்பியவர்கள் படித்தவர்களிலேயே இருந்தார்கள்.

இங்கிலாந்துக்காரர்களின் சிரிப்பை நிறுத்தியவர் ஒரு மாட்டுவண்டிக்காரர். பெயர் கவாஸ்ஜி. 1792-இல் முடிந்த மைசூர்ப் போரில் கும்பினிப் படைக்கு வண்டி ஓட்டியவர். திப்பு சுல்தானின் ஆட்கள் பிடித்து மூக்கையும் ஒரு கையையும் வெட்டி அனுப்பினார்கள். மூக்கில்லாமல் ஒரு வருடம் ஓடியது. பிறகு புனே பக்கத்தில் ஒருவர் இவருக்கு மூக்கு வைத்தார். அவர் குலத்தொழில் செங்கல் சூளை. மெழுகைத் தட்டி மூக்கு வடிவில் ஒரு தகடு செய்து, அதை விரித்து நெற்றியில் வைத்துக் கோடு கிழித்து, கோட்டின் மேல் தோலை உரித்தார். இரண்டு கண்ணுக்கும் நடுவில் ஒரு பட்டையை மட்டும் விட்டுவைத்து, தோலைத் திருகிக் கீழே இறக்கினார். தையல் கிடையாது. வெற்றிலையோடு மெல்லும் காசுக்கட்டியைத் தண்ணீரில் குழைத்துத் துணிப்பட்டைகளில் தடவி ஒட்டினார், அவ்வளவுதான். நான்கு நாள் கழித்து நெய்யில் நனைத்த துணி. பத்தாம் நாள் மூக்குத் துவாரம் மூடிக்கொள்ளாமல் துணித்திரி. இருபத்தைந்தாம் நாள் வாக்கில் அந்த நடுப்பட்டையை வெட்டிவிட்டால் வேலை முடிந்தது.

பம்பாயின் ஆங்கில டாக்டர்கள் குரூஸோவும் ஃபிண்ட்லேயும் பக்கத்தில் நின்று பார்த்தார்கள். ஜேம்ஸ் வேல்ஸ் என்ற ஓவியர் கவாஸ்ஜியைப் படம் வரைந்தார். செய்தி முதலில் சென்னைப் பத்திரிகையில் வந்து, 1794 அக்டோபரில் லண்டன் ஜென்டில்மேன்ஸ் மேகஸினில் படத்தோடு ஏறியது. நோயாளி பெயர் இருக்கிறது, பார்த்தவர்கள் பெயர் இருக்கிறது, படம் போட்டவர் பெயர் இருக்கிறது. மூக்கு வைத்தவர் பெயர் மட்டும் இல்லை. அதைக் கேட்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

லண்டனில் அதைப் படித்த ஜோசப் கார்ப்யூ என்ற சர்ஜன் இருபது வருடம் பிணங்களின் மீது பழகிவிட்டு, 1814 அக்டோபரில் ஒரு ராணுவ அதிகாரிக்குச் செய்தார். ஈரல் கோளாறுக்குப் பாதரசம் சாப்பிட்டு மூக்கைத் தொலைத்தவர் அவர். கால் மணி நேர அறுவை. மயக்க மருந்து வர இன்னும் முப்பது வருடத்துக்கு மேல் இருந்ததால் அந்தக் கால் மணி நேரம் நோயாளியின் கணக்கில் எவ்வளவு என்று யோசிக்காமல் இருப்பது நல்லது. மூக்கு பிடித்துக்கொண்டது. கார்ப்யூ 1816-இல் புத்தகம் எழுதிப் பெயர் வாங்கினார். சூளைக்காரர் பெயர் அதிலும் இல்லை.

இத்தனை பேரும் கொண்டாடியபோது பேசாமல் விட்ட ஒரு சங்கதி உண்டு. மூக்கில் கண்ணாடி உட்காரும் இடம் வரைக்கும்தான் எலும்பு. அதற்குக் கீழே நுனி வரை தாங்குவது குருத்தெலும்பு. மெல்லிய நடுச்சுவர் ஒன்று, இரண்டு பக்கமும் வளைந்த தகடுகள். தோலை மட்டும் கொண்டுவந்து ஒட்டினால் அது பந்தக்கால் நடாத பந்தல். முதல் மாதம் விறைப்பாக நிற்கும். பிறகு மெல்லச் சுருங்கி முகத்தோடு படியும். போதாக்குறைக்கு ஐரோப்பாவில் வாளை விடப் பெரிய மூக்கறுப்பாளன் ஒருவன் வந்திருந்தான்: மேகநோய். அவன் தோலைத் தொடாமல் உள்ளே இருக்கும் நடுச்சுவரைத் தின்றுவிடுவான். மூக்குத்தண்டு குதிரைச் சேணம் போல உள்வாங்கிவிடும். பார்க்கிறவர்கள் காரணத்தையும் சேர்த்துப் படித்துவிடுவார்கள். ஆக, தேவை தோல் அல்ல. உள்ளே நிற்க ஏதாவது வேண்டும்.

அந்த 'ஏதாவது'க்காக டாக்டர்கள் தேடிய பொருள்களின் பட்டியலைப் பார்த்தால் மாமியார் வீட்டுச் சீர்வரிசை தோற்கும். தங்கம், வெள்ளி, பிளாட்டினம், யானைத் தந்தம், செல்லுலாய்ட். நியூயார்க்கில் ராபர்ட் வியர் என்ற பெரிய சர்ஜன் வாத்தின் நெஞ்செலும்பை வைத்துப் பார்த்தார். அப்போதுதான் அறுத்த வாத்து; வளைவு பொருத்தமாக இருக்கிறதாம். உடம்பு அதை ஏற்கவில்லை. வாத்தின் அபிப்பிராயம் பதிவாகவில்லை.

அடுத்து மெழுகு. 1899 வாக்கில் வியன்னாவின் கெர்சுனி உருக்கிய பாரஃபினை ஊசியில் ஏற்றலாம் என்று காட்டினார். கத்தி வேண்டாம், தழும்பு இல்லை, மதியம் போனால் சாயங்காலம் கிரேக்கச் சிலையின் மூக்கோடு வரலாம். கிளாடிஸ் டீக்கன் என்ற அமெரிக்கப் பேரழகி, இருந்த நல்ல மூக்கு போதாது என்று நெற்றியும் மூக்கும் ஒரே கோட்டில் வர மெழுகு ஏற்றிக்கொண்டார். மெழுகு அதன் குணத்தைக் காட்டியது. மூக்கில் வைத்தது மெல்ல இறங்கித் தாடைக்குக் குடிபோனது. 1921-இல் அவர் மார்ல்பரோ பிரபுவைக் கட்டி டச்சஸ் ஆனார். பட்டம் கூட ஏறியது. மெழுகு மட்டும் மேலே ஏறவே இல்லை.

வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான் இவ்வளவும். 1900-இல் ஜெர்மனியில் மாங்கோல்ட் என்பவர் நோயாளியின் சொந்த விலாவின் முனையில் இருக்கும் குருத்தெலும்பைக் கொஞ்சம் வெட்டி அமுங்கிய மூக்கில் வைத்தார். நின்றது. ஏன் நின்றது என்றால் குருத்தெலும்பு ஒரு பரம ஏழை. அதற்கு ரத்தக்குழாய் கிடையாது. சுற்றியிருக்கும் திசுவில் இருந்து ஊறிவரும் கசிவைக் குடித்தே காலம் தள்ளும். இடம் மாற்றி வைத்தால் தோல் ரத்தம் கேட்டு அழும். குருத்தெலும்பு மூச்சுக் காட்டாமல் வாடகை வீட்டில் இருந்துகொள்ளும்.

முதல் உலகப் போர் வந்து ஆயிரக்கணக்கில் முகங்களைப் பெயர்த்தெடுத்த பிறகு இதற்கு மவுசு கூடியது. இங்கிலாந்தின் சிட்கப்பில் 1917-இல் திறந்த மருத்துவமனையில் நியூசிலாந்துக்காரர் ஹெரால்ட் கில்லீஸ்தான் ராஜா. கோல்ஃப் ஆடப் போனால் பந்தை முழ உயரத்துக்குத் தூக்கி வைத்து அடித்து எதிராளியைக் கடுப்பேற்றுகிற குறும்புக்காரர். அவரிடம் ஸ்ப்ரெக்லி என்ற லெப்டினன்ட் மூக்கு இருந்த இடத்தில் ஒரு பள்ளத்தோடு வந்து சேர்ந்தார். கில்லீஸ் விலாக் குருத்தெலும்பை அம்புமுனை போலச் செதுக்கி நேராக மூக்கில் வைக்கவில்லை. முதலில் நெற்றித் தோலுக்கு அடியில் புதைத்தார். சில மாதம் அது அங்கே வேர் பிடித்த பிறகு, தோலோடு சேர்த்துக் கீழே திருப்பினார். புனே முறைதான், இப்போது பந்தக்காலோடு.

கட்டைப் பிரித்தால் அளவுக்கு மூன்று மடங்கு பெரிய மூக்கு. எறும்புதின்னியின் மூஞ்சி மாதிரி இருந்ததாக கில்லீஸே பிற்பாடு எழுதினார். கூட இருந்த டாக்டர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். ஸ்ப்ரெக்லி என்ன செய்தார் என்பதை நாமே ஊகித்துக்கொள்ளலாம். சிரிப்பதற்கு அவருக்கு மூக்கு தடையாக இருந்திருக்கும். வீக்கம் வடிந்து, கொஞ்சம் கொஞ்சமாகச் செதுக்கி, 1920-இல் வெளியே போனபோது பார்க்கிறவர்கள் திரும்பிப் பார்க்காத மூக்கு இருந்தது. அந்தத் தொழிலில் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. விலாவை அறுக்கச் சோம்பல்பட்டோ என்னவோ, கில்லீஸ் பிற்காலத்தில் மாட்டுக் குருத்தெலும்பையும் வைத்துப் பார்த்தார். அது கரைந்துபோனது. வாத்துக்கு நேர்ந்தது மாட்டுக்கும்.

சொந்த விலாவுக்கும் ஒரு வியாதி உண்டு. ஆபரேஷன் மேஜையில் அம்பு போல நேராக இருக்கும். ஆறு மாதம் கழித்து மூக்கு இடதுபக்கம் யாரையோ கூப்பிடும். கிளாஸ்கோவின் தாமஸ் கிப்சன் 1958-இல் காரணம் சொன்னார். குருத்தெலும்பின் மேலடுக்கு எப்போதும் இழுபட்ட நிலையில் இருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் சீவினால் மறுபக்கம் இழுத்துக்கொண்டு வளையும். இரண்டு பக்கமும் சமமாகச் சீவி நடுப்பகுதியை எடுக்க வேண்டும். அதனால் இன்றைக்கும் சர்ஜன்கள் செதுக்கிய துண்டை உப்புநீரில் போட்டு அரை மணி நேரம் உற்றுப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். வளைகிற துண்டு அப்போதே குணத்தைக் காட்டிவிடும்.

இதற்கிடையே இன்னொரு கூட்டம் எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்தது. பெர்லினின் ஜாக் ஜோசப் பேர்போன வேலை: பெரிய மூக்கைச் சிறிதாக்குவது. ஹாலிவுட் பக்கம் வந்ததும் அது வெறியாகிவிட்டது. திமிலைச் சீவு, நுனியைச் சீவு, எடுத்ததைக் குப்பையில் போடு. சில வருடங்களில் அந்த அழகு மூக்குகள் இடுக்கிப் பிடித்தது போல ஒடுங்கி, மூச்சு விடவே தகராறு செய்தன. லாஸ் ஏஞ்சல்ஸின் ஜாக் ஷீன் 1970-களில் இருந்து, குப்பைக்குப் போன அதே சரக்கைத் திருப்பி உள்ளே வைக்க ஆரம்பித்தார். மூக்கின் நடுச்சுவரில் இருந்து கீற்று எடுத்து இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்தார்; நுனிக்குக் கேடயம் போல ஒரு துண்டு. நடுச்சுவரில் சரக்குத் தீர்ந்திருந்தால் காது மடலின் குழிவில் எடுக்கலாம். அதுவும் போதாவிட்டால் விலா. எல்லாரும் யானைத் தந்தத்துக்கு ஆப்பிரிக்கா வரை போய்வந்தார்கள். சரக்கு மூக்குக்குள்ளேயே இருந்தது.

கடைசிச் சண்டை இனிப்பில் முடிந்தது. இஸ்தான்புல்லின் ஓனுர் எரோல் குருத்தெலும்பைப் பொடிப்பொடியாக நறுக்கி, ரத்தக் கசிவை நிறுத்தும் சர்ஜிசெல் துணியில் சுருட்டி, மூக்குத்தண்டில் வைத்து மேலிருந்து விரலால் உருட்டி வடிவம் கொண்டுவந்தார். வளைய முடியாது, ஏனென்றால் முழுத்துண்டே இல்லை. 2000-இல் எழுதிய கட்டுரையில் அதற்கு அவர் வைத்த பெயர் டர்க்கிஷ் டிலைட்: மாவு தூவி விற்கிற அந்த ஊர் மிட்டாய். 2,300-க்கு மேல் செய்துவிட்டதாகக் கணக்கும் காட்டினார். கலிஃபோர்னியாவின் ராலின் டேனியல் நாவில் நீர் ஊற அதே மிட்டாயைச் செய்துபார்த்தார். அவர் வைத்ததெல்லாம் கரைந்தது. குற்றம் சர்ஜிசெல்லில் என்றார் டேனியல். அதைத் தூக்கி எறிந்துவிட்டு, காதுக்கு மேல் தலைத்தோலுக்கடியில் இருக்கும் சவ்வை எடுத்துப் பொட்டலம் கட்டினார். குற்றம் துணியில் இல்லை, சமையல்காரரிடம் என்பது எரோல் பக்கத்து வாதம். இரண்டு பேரும் மருத்துவப் பத்திரிகைகளில் அடித்துக்கொண்டதோடு நிறுத்திக்கொண்டார்கள். கைகலப்பாகி மூக்கு உடைந்திருந்தாலும் மோசமில்லை. இருவருக்கும் விலா முழுசாக இருந்தது.