மணல் போட்ட ஓட்டு

சென்னைக் கடற்கரையில் மணலுக்கும் கட்சி மாறும் வழக்கம் உண்டு. தென்மேற்குப் பருவக்காற்றில் அலைகள் அதை வடக்கே தள்ளும். வடகிழக்குப் பருவத்தில் தெற்கே. கூட்டிக் கழித்தால் பெரும்பான்மை வடக்குக்குத்தான். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழுந்த துறைமுக அலைதடுப்புச் சுவர்கள் அந்தப் பெரும்பான்மையை மதிக்கவில்லை. மணல் சுவரில் முட்டித் தெற்கே குவிந்தது, மெரினா அகன்றது. அங்கே அண்ணா தொடங்கி நான்கு முதலமைச்சர்களுக்கு நினைவிடங்களும் எழுந்தன.

வடக்கே மணல் வரத்து நின்றது, அலை நிற்கவில்லை. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் என்று கரையைத் தின்றது. தெருக்களும் வீடுகளும் கடலுக்குள் போயின. பரிகாரம் கருங்கல். லாரி லாரியாகக் கொட்டினால் அந்தக் குப்பம் தப்பும். அரிப்பு, கல் முடியும் இடத்தைத் தாண்டி அடுத்த குப்பத்துக்குக் குடிபெயரும். அங்கே மனு, மறியல், வாக்குறுதி, பிறகு கல். (ஒரு தேர்தலுக்கு ஒரு குப்பம் என்ற கணக்கு எந்தச் சட்டத்திலும் இல்லை.) கடலுக்குள் நீளும் தூண்டில் வளைவுகள் கொஞ்சம் மணலைப் பிடித்து வைக்கின்றன, வடக்கே இருப்பவர்களின் பங்கிலிருந்து.

எண்ணூருக்கு அப்பால் 2001-இல் இன்னொரு துறைமுகம் திறந்தது. அதற்கும் இரண்டு அலைதடுப்புச் சுவர்கள் உண்டு.