பாத்துக்கலாம் மாமா

ஒவ்வொரு குடும்பத்திலும் ஒரு மாமா இருப்பார். முகூர்த்த நாளில் மண்டபம் வேண்டுமா, பொங்கலுக்கு ரயிலில் பெர்த் வேண்டுமா, புரட்டாசி சனிக்கிழமை பெருமாளைச் சேவிக்க வேண்டுமா? எதைக் கேட்டாலும் அவரிடம் ஒரே பதில்தான்: "போய்ப் பாத்துக்கலாம்."

எங்கள் வீட்டில் அந்தப் பதவியை வகிப்பவர் என் மனைவியின் தாய்மாமா. மதுரைக்காரர், அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், 'பாத்துக்கலாம்' வேலையிலிருந்து இன்னும் ஓய்வு பெறாதவர். அவர் சட்டைப்பை எப்போதும் புடைத்திருக்கும். உள்ளே ஆதார் ஜெராக்ஸ் நான்கு, ஒரு பட்டன் போன், ரப்பர் பேண்டு போட்ட விசிட்டிங் கார்டு கட்டு. அந்தக் கட்டில் இருப்பவர்களில் பாதிப்பேர் மாற்றலாகிப் போய்விட்டார்கள், கால்வாசிப் பேர் ரிட்டயர் ஆகிவிட்டார்கள், மிச்சப்பேர் டவர் கிடைக்காத இடத்துக்கே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஆனாலும் கட்டு மெலியாது.

முன்பதிவு பற்றி அவருக்கு ஒரு தனிச் சித்தாந்தம் உண்டு. "முன்னாடியே டிக்கெட் எடுக்கிறவன் பயந்தாங்கொள்ளி மாப்ள. எல்லா எடத்துலயும் கடைசி நேரத்துக்குன்னு பத்துச் சீட்டு எடுத்து வச்சிருப்பான். அது யாருக்கு? நம்மள மாதிரி ஆளுக்கு." ஆதாரம் கேட்டால் கதைகள் வரும். ரஜினி படத்துக்கு முதல் நாள் முதல் காட்சி, திருப்பதியில் கூட்டம் அலைமோதிய நாளில் தரிசனம், தீபாவளிக்கு முந்தின நாள் பாண்டியனில் கீழ் பெர்த். எல்லாமே கடைசி நிமிடத்தில் கிடைத்தவை. எப்படிக் கிடைத்தன என்று கேட்டால், "அதான் கெடைச்சுதுல்ல!" என்பார். இந்தப் பதிலை இத்தனை வருடமாக யாரும் துருவிப் பார்த்ததில்லை.

அரையாண்டு விடுமுறையில் ஒன்பது பேர் வடநாட்டு டூர் கிளம்பினோம். தாஜ்மகாலுக்கு ஆன்லைனில் டிக்கெட் எடுத்துவிடலாம் என்று நான் வாயைத் திறந்ததும் மாமா சிரித்தார்.

"ஏன் மாப்ள, அது என்ன ஓடியா போகப்போகுது? முந்நூத்தம்பது வருஷத்துக்கு மேல அங்கேயேதான நிக்குது. போய்ப் பாத்துக்கலாம்."

தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் பனிமூட்டத்தில் தடவித் தடவி வந்து, வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு ஆக்ரா கான்ட் நிலையத்தில் எங்களை இறக்கிவிட்டது. சூரியன் மறைய இன்னும் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் இருந்தது. ஆனால் மாமாவோடு போகிறவனுக்கு நேரம் என்பது ஓட்டைப் பாத்திரத்துத் தண்ணீர். ஒரு மணி நேரம் இட்லி தேடினோம், கிடைக்கவில்லை. ஆலு பராட்டாவைத் தின்ற களைப்பில் ஒரு தூக்கம். எழுந்ததும் பேட்டா கடை. வெண்பூசணிக்காயைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப்போட்டுச் சர்க்கரைப் பாகில் வேகவைக்கும் அந்த ஆக்ரா இனிப்பில் எத்தனை வகை உண்டோ அத்தனையையும் மாமா 'சாம்பிள்' பார்த்தார். பிறகு தோல் செருப்புக் கடை. அங்கே அவர் பேசிய பேரத்தில் ஒரு ஜோடி செருப்பு தேய்ந்தே போயிருக்கும்.

மேற்கு வாசல் பக்கம் போய்ச் சேர்ந்தபோது மணி ஐந்து. வானத்தில் வெளிச்சம் மிச்சம் இருந்தது, கவுண்டரில் ஆள் இல்லை. சூரிய அஸ்தமனத்துக்கு முக்கால் மணி நேரம் முன்பே அங்கே டிக்கெட் விற்பனையை நிறுத்திவிடுவார்கள். மாமா மூடிய ஜன்னலைத் தட்டினார். "பையா, நைன் டிக்கெட்! ஒன்லி நைன்!" ஜன்னல் திறக்கவில்லை. அவருக்கு அது புது அனுபவம். டூட்டி முடிந்து போன ஒருவர் திரும்பிப் பார்த்து, "கல் பந்த்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

"என்னங்கறான்?"

"நாளைக்கு லீவாம் மாமா. வெள்ளிக்கிழமை தாஜ்மகால் கிடையாது."

"உலக அதிசயத்துக்கு லீவா?"

வெள்ளிக்கிழமைகளில் மதியத் தொழுகைக்கு வரும் உள்ளூர்க்காரர்களைத் தவிர வேறு யாருக்கும் அங்கே வாசல் திறப்பதில்லை. இதைச் சொன்னபோது மாமா என்னைப் பார்த்த பார்வையில், ஷாஜகானிடம் சொல்லி அந்த விதியைப் போட வைத்ததே நான்தான் என்ற சந்தேகம் தெரிந்தது.

அன்று இரவு ஹோட்டல் மொட்டை மாடியில் நிலா வந்தது. பௌர்ணமிக்கு இரண்டு நாள் இருந்தது. மாமாவுக்கு மறுபடி உற்சாகம் பிறந்தது. "நிலா வெளிச்சத்துல காட்டுவாங்களாமே மாப்ள, அதுக்குப் போனா என்ன?"

ஹோட்டல் மேனேஜர் பொறுமைசாலி. பல ஊர் மாமாக்களைப் பார்த்தவர். உச்ச நீதிமன்றம் அனுமதித்ததால் 2004 முதல் இரவில் பார்க்கவிடுகிறார்கள் என்றார். பௌர்ணமியும் அதற்கு முன் இரண்டு நாளும் பின் இரண்டு நாளுமாக மாதம் ஐந்து இரவு. ரம்ஜான் மாதத்தில் கிடையாது. ஒரு தடவைக்கு ஐம்பது பேர், ஆளுக்கு அரை மணி நேரம், இரவுக்கு எட்டு அணி, மொத்தம் நானூறு பேர். அதுவும் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும், பக்கத்தில் விடமாட்டார்கள்.

"நானூறு பேர்ல நாம ஒம்பது பேரு. ரெண்டு பர்சென்ட்டுதான்," என்று மாமா கணக்குப் போட்டார்.

டிக்கெட்டை முந்தின நாளே எடுத்திருக்க வேண்டும் என்றார் மேனேஜர்.

"அப்ப நாளைக்கு ராத்திரிக்கு?"

"நாளைக்கு வெள்ளிக்கிழமை சார்."

சனிக்கிழமை ராத்திரி பௌர்ணமி. ஆனால் அன்று மதியமே எங்களுக்கு டில்லிக்கு வேன். மாமா கட்டைப் பிரித்து ஒவ்வொரு கார்டாக நிலா வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஆக்ராவுக்கு மிக அருகில் இருந்தவர் குவாலியரில் முன்பு வேலை பார்த்த ஒரு என்ஜினியர். போன் அடித்தது, எடுத்தது அவர் பேரன். தாத்தா தூங்குகிறார் என்றான்.

வெள்ளிக்கிழமை வேறு வழியில்லாமல் ஆக்ரா கோட்டைக்குப் போனோம். 1658இல் ஔரங்கசீப் தன் அப்பாவைச் சிறை வைத்தது இங்கேதான். முசம்மன் புர்ஜ் என்ற எண்கோண மண்டபத்தின் பக்கம் நின்றால், யமுனை வளைந்து போகும் திசையில் தாஜ்மகால் பால் கோவாவில் செய்த பொம்மைபோல் தெரியும். 1666இல் சாகும்வரை எட்டு வருடம் ஷாஜகான் இங்கிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாராம்.

மாமா வெகுநேரம் பேசாமல் நின்றார். பிறகு, "கட்டுன ஆளுக்கே எட்டு வருஷம் டிக்கெட் கெடைக்கல மாப்ள," என்றார். ஆறுதல் என்பது எங்கிருந்தெல்லாம் கிடைக்கிறது!

கோட்டை வாசலில் அவருக்கு ஓர் ஆத்ம நண்பர் கிடைத்தார். இந்த வகை ஆட்களை ஆக்ராவில் 'லப்கா' என்கிறார்கள். ரயில் நிலையம், பேருந்து நிறுத்தம், பார்க்கிங் என்று எங்கு நின்றாலும் பாய்ந்து வந்து ஒட்டிக்கொள்கிற இனம். கடைசி நிமிடத்தில் வாங்குகிறவர் மாமா என்றால், கடைசி நிமிடத்தில் விற்கிறவர் லப்கா. பாம்பின் கால் பாம்பறியும் என்பதுபோல் இருவரும் பார்த்த மாத்திரத்தில் அறிந்துகொண்டார்கள். மாமாவின் இந்தியும் லப்காவின் இங்கிலீஷும் பாதி வழியில் சந்தித்துக் கைகுலுக்கின. மறுநாள் காலை 'வி.ஐ.பி. லைன்', ஆளுக்கு 800 ரூபாய். தாஜ்மகாலுக்குள் போக இந்தியருக்கு 50 ரூபாய், 2018இல் கொண்டுவந்த விதிப்படி நடுக் கட்டடத்துக்குள் ஏறிக் கல்லறையைப் பார்க்க இன்னும் 200 என்று நான் குறுக்கே பேசினேன். "அது சாதா ஆளுக்கு," என்றார் மாமா. லப்காவும் தமிழ் புரிந்ததுபோல் தலையாட்டினார்.

சனிக்கிழமை காலை ஆறு மணி, கிழக்கு வாசல் பக்கம். விடுமுறைக் கால சனிக்கிழமை என்பதால் பாதி இந்தியா அங்கே கம்பளி போர்த்தி நின்றது. பனியில் தாஜ்மகால் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. லப்கா மட்டும் நிச்சயமாக இல்லை. மாமா நல்லவேளையாக அட்வான்ஸ் கொடுத்திருக்கவில்லை. கொடுக்க மனம் வரவில்லை என்பதுதான் உண்மை.

மாமா அசரவில்லை. வெளிநாட்டுக்காரர்களின் வரிசை சின்னதாக இருந்தது. கல்லறையோடு சேர்த்து ஆளுக்கு 1,300 ரூபாய் கொடுக்கிறவர்களின் வரிசை அது. கூலிங் கிளாஸை மாட்டிக்கொண்டு, பனிமூட்டத்தில், போய் நின்றார். காவலர் வந்து "பாஸ்போர்ட்?" என்றார். மாமா பையைத் துழாவி ஆதார் ஜெராக்ஸை நீட்டினார். நீட்டிய வேகத்தில் திரும்பி வந்தார்.

அடுத்து கவுண்டர் வரிசைக்கு ஓடினார், அதன் நீளத்தைப் பார்த்துத் திரும்பினார். மூன்றாவதாகக் குவாலியர் என்ஜினியருக்குப் போன் போட்டார். தாத்தா வாக்கிங் போயிருந்தார். மாமாவின் நெற்றியில் டிசம்பர் குளிரில் வியர்வை.

அத்தை அதுவரை ஒரு திண்டில் உட்கார்ந்து பேத்திக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தார். பின்னி முடித்து ரிப்பனையும் கட்டிவிட்டுத் தன் பர்ஸைத் திறந்தார். குங்குமப் பொட்டலத்துக்கும் திருநீற்றுப் பொட்டலத்துக்கும் நடுவிலிருந்து, நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"ஒம்பது பேருக்கும் இருக்கான்னு சரி பாருங்க தம்பி. பதினஞ்சு வயசுக்குக் கீழ ஃப்ரீங்கிறாங்க, அதனால சின்னதுங்க ரெண்டுக்கும் காசு இல்ல."

பார்த்தேன். சனிக்கிழமை தேதிக்கு, கல்லறையும் சேர்த்து, ஆன்லைன் டிக்கெட். புதன்கிழமை ரயில் நாக்பூரில் நின்று மாமா ஆரஞ்சு வாங்க இறங்கியிருந்தபோது பேத்தியின் போனில் எடுத்தது. ஹோட்டல் ரிசப்ஷனில் பிரிண்ட் போட்டு வாங்கியிருக்கிறார்.

"ஏன் அத்தை வியாழக்கிழமைக்கே எடுக்கல?"

"இவரு நேரத்துக்குக் கூட்டிட்டுப் போவாருன்னு நம்புறதுக்கு எனக்கு என்ன கிறுக்கா புடிச்சிருக்கு?"

"மாமாகிட்ட சொல்லியிருக்கலாமே!"

"சொன்னா அவருக்கு டூர் வந்த சந்தோஷமே போயிருமே." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "திருப்பதிக்கும் இப்படித்தான். தீபாவளி ரயிலும் இப்படித்தான். கல்யாணம் ஆன நாள்லருந்து இப்படித்தான்."

இத்தனை வருட இதிகாசம் அந்த ஒரு வாக்கியத்தில் மடிந்து பர்ஸுக்குள் போய்விட்டது. மாமா காகிதத்தைப் பார்த்தார், ஒரே ஒரு வினாடி விழித்தார், பிறகு கம்பீரமாக, "நான் சொன்னேன்ல மாப்ள, கடைசி நேரத்துல கெடைச்சிரும்னு!" என்றார்.

பாதுகாப்புச் சோதனையில் புளியோதரைப் பொட்டலம் மட்டும் பிடிபட்டது. உள்ளே சாப்பாட்டுக்கு அனுமதி இல்லை. பெரிய வாசலின் இருட்டைத் தாண்டியதும் எதிரே வெறும் வெள்ளை. மெதுவாகப் பனி இளகி, முதலில் ஒரு கோடு, பிறகு ஒரு வளைவு, பிறகு குமிழ் முழுவதுமாக வந்தது. மாமா வாயைத் திறந்தவர் 'பாத்துக்கலாம்' என்று சொல்லவில்லை. பார்த்தார்.

செருப்புக்கு மேல் உறை மாட்டிக்கொண்டு உள்ளே ஏறினோம். பளிங்குச் சல்லடைத் தடுப்புக்குள் இரண்டு கல்லறைகள். உண்மையான சமாதிகள் இவற்றுக்குக் கீழே நிலவறையில் இருக்கின்றன, ஷாஜகானின் உர்ஸ் நாட்களில் மட்டும்தான் அவற்றைத் திறந்து காட்டுவார்கள். மேலே இருப்பவற்றில் மும்தாஜுடையது அணு பிசகாமல் நட்டநடுவில். 1631இல் அவர் இறந்ததும் அவருக்காகவே போட்ட திட்டம் இது. முப்பத்தைந்து வருடம் கழித்து வந்த ஷாஜகானை மேற்குப் பக்கமாக ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். இடமும் வலமும் இழை பிசகாமல் ஒத்துப்போகும் அந்தக் கட்டடத்தில் பொருந்தாமல் நிற்பது அவர் ஒருவர்தான். அதிலும் அவருடையது மும்தாஜுடையதைவிடப் பெரிது.

மாமா என் தோளை இடித்தார். "பாத்தியா மாப்ள? கடைசி நேரத்துல வந்தாலும் பெரிய எடமாப் புடிச்சிட்டான் மனுசன்!"

அத்தை பின்னாலிருந்து சொன்னார்: "எடம் போட்டு வச்சது அந்தம்மா."

மாமா வைத்திருப்பவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்: தாஜ்மகாலுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. மாமாவிடம் சொல்லிப் பயனில்லை, அத்தையிடம் சொல்லி வையுங்கள்.