மூர் மார்க்கெட்டில் வாங்கியது

கையெழுத்து மாமா வீட்டுக்குப் போனால் முதலில் கையைக் கழுவச் சொல்வார். சாப்பாடு போடப்போகிறார் என்று நம்பி ஏமாந்தவர்கள் எங்கள் தெருவில் நிறைய பேர். கழுவிய கையைத் துண்டால் துடைத்துவிட்ட பிறகுதான் பீரோ திறக்கும். மாமியின் பட்டுப்புடவைகள் பரணுக்குப் போய் வருஷமாகிறது. பீரோவில் ராஜாஜி, காமராஜர், அண்ணா, எம்.ஜி.ஆர்., கலைஞர். கட்சி பேதமில்லாமல் எல்லாருக்கும் ஒரே பாச்சை உருண்டை.

கையெழுத்தைக் காட்ட ஒரு நிமிஷம், அது கிடைத்த கதைக்கு அரை மணி. கலாமிடம் வாங்கிய கதையை முதல் தடவை கேட்டபோது மாமா வரிசையில் இருநூறாவது ஆள். போன பொங்கலுக்குக் கேட்டபோது கலாமே கூப்பிட்டு இவரிடம் பேனா கேட்டிருந்தார்.

விலைக்கு வாங்கியதெல்லாம் "மூர் மார்க்கெட்ல வாங்கினது." அது 1985இல் எரிந்துபோன இடம். யாரும் போய் விசாரிக்க முடியாது. சென்னையில் இதைவிட வசதியான முகவரி கிடையாது.

காசு கொடுத்து வாங்குவது கௌரவமா என்று கேட்டால் காந்தியை இழுப்பார். ஹரிஜன நிதிக்காகக் கையெழுத்துக்கு 5 ரூபாய் வாங்கியவர் அவர். "மகாத்மாவே இனாமாப் போடலை சார்!" காந்தி தமிழில் 'மோ.க.காந்தி' என்று போட்ட கையெழுத்து ஒன்று கிடைத்தால் வீட்டையே எழுதிக்கொடுக்கத் தயாராம். வீடு மாமி பேரில் இருக்கிறது.

ஒருநாள் காமராஜர் கடிதம் ஒன்றை எடுத்து நீட்டினார். தேதி 1957. தலைப்பில் அச்சாகியிருந்த 'சென்னை'யைப் பார்த்ததும் எனக்கு இடித்தது. அந்தக் காலத்து அச்சில் 'னை' என்றால் எழுத்தோடு ஒட்டிய தும்பிக்கை இருக்கும். இதிலோ இன்றைய இணைக்கொம்பு தனியாக நிற்கிறது. அதை அரசு ஏற்றுக்கொண்டது 1978இல், எம்.ஜி.ஆர். ஆட்சியில். காமராஜர் மறைந்தது 1975இல். தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

மாமா அசரவில்லை. "பெரியார் 1935லயே இப்படித்தான் அச்சடிச்சார். காமராஜர்மேல அவருக்கு எவ்வளவு பிரியம்! நம்ம பிரஸ்லயே அடிச்சுக்கோன்னு சொல்லியிருப்பார்." கடிதம் மறுபடி பாச்சை உருண்டைக்குப் போயிற்று.

ஆனால் போலியைப் பிடிப்பதில் அவர் ஒன்றும் சாதாரண ஆள் இல்லை. கென்னடி கையெழுத்துப் போட இயந்திரம் வைத்திருந்தவர். அதனால் கென்னடி என்று யார் எதைக் கொண்டுவந்தாலும், இன்னொன்றின் மேல் வைத்து வெளிச்சத்தில் பிடிப்பார். "மனுஷன் கை ரெண்டு தடவை ஒரே மாதிரி போடாது. அச்சா ஒத்துப்போச்சுன்னா மெஷின்!"

போன வாரம் வங்கியில் அவருடைய காசோலையைத் திருப்பிவிட்டார்கள். கையெழுத்து ஒத்துப்போகவில்லையாம். மாமா லென்ஸை எடுத்துக்கொண்டு கிளம்பினார். நான் போய்ச் சேர்ந்தபோது கவுன்டரில் கூட்டம். "ஒத்துப்போகலைன்னாத்தானே சார் அசல்!" என்று கென்னடியில் ஆரம்பித்து விளக்கிக்கொண்டிருந்தார். மாமி பக்கத்துக் கவுன்டரில், புதுக் கையெழுத்துக்கு என்ன படிவம் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.