நாலாம் எழுத்து: தங்கவயல் பி.யூ.சி. சேர்க்கைக்கு ஒரு பொருளிலக்கணம்

வரையறை

எஸ்.எஸ்.எல்.சி. முடித்த பிள்ளை சயின்ஸ் எடுப்பதா, எடுத்தால் எந்தத் தொகுப்பு என்று வீட்டார் கூடி ஆராய்வது ‘சேர்க்கை’ எனப்படும். தமிழ்நாட்டில் 1978இல் மேல்நிலைக் கல்வி வந்ததும் பி.யூ.சி. விடைபெற்றது; கர்நாடகத்தில் அது இன்றும் ஈராண்டுப் படிப்பாக உள்ளது. ஆகவே ஆம்பூர் உறவினர் கேட்கும் “ப்ளஸ் ஒன்னா?” என்பதும் கோலார் தங்கவயல் உறவினர் சொல்லும் “ஃபர்ஸ்ட் பி.யூ.” என்பதும் ஒன்றே.

பி, சி, எம் என்னும் இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றும் மாறா எழுத்துகள். உயிரியலா, கணினியா, மின்னணுவியலா என மாறுவது நாலாம் எழுத்து. இரு மொழிகளும் சேர ஆறு பாடம், 600 மதிப்பெண்.

முதற்பொருள்

நிலமும் பொழுதும் முதற்பொருள். நிலம் ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை, சாம்பியன் ரீப், மாரிகுப்பம் முதலியன. 2001 பிப்ரவரி 28இல் தங்கச் சுரங்கம் மூடப்பட்டபின் இந்நிலத்தில் நாலாம் எழுத்தின் மவுசு கூடியது. பெரும்பொழுது, ரிசல்ட் வரும் கோடை. சிறுபொழுது, பெங்களூரு வேலைக்குப் போன அப்பா ரயிலிறங்கி வந்து கைகால் கழுவியபின் வரும் இரவு.

கருப்பொருள்

தெய்வம்: ஐ.டி. கம்பெனியில் இருக்கும் பெரியப்பா மகன். வரம் கேட்டால் “கம்ப்யூட்டர் சயின்ஸ் எடு” என்பது மட்டுமே அருள்வாக்கு. மக்கள்: தாய்மாமன், டியூஷன் அக்கா, அழைக்காமலே வரும் பக்கத்து வீட்டார். உணவு: டீ, முறுக்கு. பறை: நடுவில் அடித்து எல்லோரையும் நிறுத்தும் செல்போன். தொழில்: பழைய கரண்ட் பில்லின் பின்பக்கம் கோடு கிழித்து, இடப்பக்கம் ‘டாக்டர்’, வலப்பக்கம் ‘இன்ஜினியர்’ என எழுதி, இரண்டின் கீழும் ஃபீஸைக் கூட்டுதல்.

நாலாவதாக உயிரியல் சேர்ந்த பி.சி.எம்.பி. எடுத்தால் “ரெண்டுக்கும் ஆகும்” என்பர் பக்கத்து வீட்டார். கணினி எடுக்காதவருக்குக் கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் கிடைக்காது என்பர் வேறு சிலர். முதற்கூற்று பொருந்தும், பின்னது பொருந்தாது. இன்ஜினியரிங் ரேங்க் இயற்பியல், வேதியியல், கணித மதிப்பெண்களால் அமைவது. அதில் பி.யூ.சி. பாதி, சி.இ.டி. என்னும் பொது நுழைவுத்தேர்வு பாதி. சி.இ.டி.யில் பாடத்துக்கு 60 கேள்வி, 80 நிமிடம். எனவே இரவு பதினொரு மணிவரை சண்டையிடப்படும் நாலாம் எழுத்து அந்தக் கணக்கிலேயே வராது. மருத்துவத்துக்கோ அது உயிர்நிலை: நீட் மதிப்பெண் 720இல் 360 உயிரியலுக்கு உரியது.

உரிப்பொருள்

பெற்றோர்க்கு உரியது அஞ்சுதல், உறவினர்க்கு அறிவுறுத்தல், பிள்ளைக்கு வாளாவிருத்தல். பிள்ளையின் மௌனத்தைச் சம்மதம் எனக் கொள்வது மரபு.

மறுப்பும் விடையும்

இயற்பியலில் உள்ள ஆர்வத்தாலேயே ஒருவர் அதை எடுக்கலாகாதோ எனின், ஆகும். இந்நிலத்திலேயே அதற்குச் சான்று உண்டு. 1965இல் சாம்பியன் ரீப் சுரங்கத்தில், சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தாரும் ஒசாகா நகரப் பல்கலைக்கழகத்தாரும் டர்ஹம் பல்கலைக்கழகத்தாரும் வளிமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோக்களின் தடத்தைப் பதிவுசெய்தனர். மற்றக் காஸ்மிக் துகள்களைப் பாறை தடுத்துவிடும். நியூட்ரினோவோ எதிலும் எளிதில் மோதாமல் கடந்துபோகும். பிள்ளையின் ஆர்வமும் வீட்டுக் கூட்டத்தை இவ்வாறே யார்மீதும் படாமல் கடந்துபோகிறது. மேலே இரைச்சல் மிகுதி என்பதால் விஞ்ஞானிகள் கீழே இறங்கினர். குடும்பத்தார்க்கு அவ்வசதி இல்லை.

முடிபு

மருத்துவம் வேண்டின் உயிரியல் இன்றியமையாதது. இன்ஜினியரிங் வேண்டின் நாலாம் எழுத்து அவரவர் விருப்பம். கணிதத்தைக் கண்டால் காய்ச்சல் வருவோர்க்கு காமர்ஸ் குற்றமன்று, டிப்ளமோ, ஐ.டி.ஐ. ஆகியனவும் விலக்கப்பட்டனவல்ல.

புறனடை

மேற்கூறியவற்றுள் அடங்காதன எவையேனும் உளவாயின், பிள்ளையைக் கேட்டு அறிந்துகொள்க.